பீட்ஸாவை நடந்துபோய் வாங்குங்கள்

பீட்ஸா விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தெருமுனைக் கடைக்கு நாமே போய் வாங்கி வரவேண்டும். செயலியில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கக் கூடாது. நான் இருப்பது நியூயார்க்கின் குவீன்ஸில். இங்கே வீட்டைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பீட்ஸா கடை வந்துவிடும். அந்த வசதி இல்லாத ஊர்க்காரர்கள் என்னைத் திட்ட வேண்டாம். கடை கண்ணுக்கெதிரே இருந்தும் சோபாவில் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

வில்லன் அந்த அட்டைப்பெட்டிதான். ஓவனிலிருந்து எடுத்த பீட்ஸா ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மூடியை அழுத்தியதும் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் அட்டையில் முட்டி, ஈரமாகிக் கீழே இறங்கி, அடிப்பாகத்தைத் தொய்ய வைத்துவிடும். இந்த ஊர் பீட்ஸாவுக்கு அடிப்பாகத்தின் முறுகல் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? இத்தாலியின் நேபிள்ஸில் விறகடுப்பின் கடும் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும்; நடு மென்மையாகவே இருக்கும்; தட்டில் வைத்து அங்கேயே சாப்பிட்டுவிடுவார்கள். நியூயார்க் கடைகளில் கல் தளம் போட்ட கேஸ் ஓவனில், அதைவிடக் குறைந்த சூட்டில், பல நிமிடங்கள் கிடந்து வேகும். அதனால்தான் அடி உலர்ந்து மொறுமொறுவென்று ஆகிறது.

இந்த கேஸ் ஓவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். மன்ஹாட்டனின் ஸ்பிரிங் தெருவில் லொம்பார்டி கடை 1905-லிருந்து பீட்ஸா விற்றதாகச் சொல்வார்கள். (அமெரிக்காவின் முதல் பீட்ஸா கடை அதுதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.) அந்தக் காலத்துக் கடைகளில் நிலக்கரி அடுப்புதான். பெரிய செங்கல் கட்டுமானம், கரி, புகைபோக்கி எல்லாம் வேண்டும். 1945-இல் ஐரா நெவின் என்பவர் பீட்ஸாவுக்கென்றே கேஸ் ஓவனை உருவாக்கினார். அதற்குப் பிறகுதான் சலூன் அளவு இடம் இருந்தாலே கடை போடலாம், துண்டு துண்டாகச் சூடுபண்ணி விற்கலாம் என்ற நிலை வந்தது. இன்றைக்கு நான் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற தூரத்தில் கடை இருப்பதற்கு அந்த ஓவனும் ஒரு காரணம்.

எங்கள் தெருக் கடையின் பெயர்ப்பலகையில் இத்தாலி, முதலாளி அல்பேனியர், மாவைத் தட்டிச் சுழற்றுகிறவர் மெக்சிகோக்காரர். நேரில் போனால் இவர்களிடம் கேட்டு வாங்கலாம். “இன்னும் கொஞ்சம் முறுக விடுங்கள்” என்றால் முகம் சுளிக்காமல் ஓவனுக்குள் திருப்பித் தள்ளுவார்கள். துண்டு போடாமல் முழுசாகக் கொடுக்கச் சொல்லலாம். வெட்டின கோடுகள் வழியாக சாஸ் கீழே இறங்காது. வெளியே வந்ததும் மூடியை ஒரு விரல் அளவு திறந்துவிட்டு, பெட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்க வேண்டும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் சீஸ் முழுவதும் ஒரு மூலையில் குவிந்திருக்கும்.

மூடி தொய்ந்து சீஸில் ஒட்டாமல் இருக்க நடுவில் நிற்குமே வெள்ளை பிளாஸ்டிக் முக்காலி, அது நியூயார்க் மாநிலத்தின் கார்மெலா விட்டாலி என்ற பெண்மணிக்கு 1985-இல் காப்புரிமை கிடைத்த சாதனம். எங்கள் வீட்டில் அது பொம்மைக்கு மேசை.

செயலிகளுக்கு வருவோம். சைக்கிளில் கொண்டுவருகிறவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு பல வீடுகளுக்கு ஏறி இறங்குகிறார். நம் பெட்டி அந்த நேரமெல்லாம் மூடியே கிடக்கிறது. என் கோபம் செயலி நிறுவனங்கள் கடைகளிடம் வாங்கும் கமிஷன் மேல்தான். ஆர்டர் தொகையில் முப்பது சதவீதம் வரைகூடப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல், கொரோனா காலத்தில், நியூயார்க் நகர சபை தலையிட்டு டெலிவரிக்குப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. மாவும் சீஸும் வாடகையும் ஏறிக்கொண்டே போகும்போது, நூற்றுக்குப் பதினைந்து என்பதே சின்னக் கடைக்குப் பெரிய தொகை. நான் நடந்துபோய்ப் பணமாகக் கொடுத்தால் அத்தனையும் கடைக்காரர் கல்லாவில் விழும்.

வாங்குவதும் பெரியதாகவே வாங்குங்கள். பதினெட்டு அங்குல பீட்ஸா ஒன்றின் பரப்பளவு, பன்னிரண்டு அங்குல பீட்ஸா இரண்டையும் சேர்த்தாலும் வருவதைவிட அதிகம். சந்தேகமிருந்தால் பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு அகலமான துண்டை நீளவாக்கில் மடித்துத்தான் பிடிக்க வேண்டும். மடித்தால் நுனி தொங்காது. தட்டையான ஒன்றை ஒரு வாக்கில் வளைத்துவிட்டால் குறுக்கு வாக்கில் அது வளையாது; ஜெர்மன் கணித மேதை காஸ் (Gauss) 1827-இல் நிறுவிய வளைபரப்புத் தேற்றம்தான் இதற்கு விளக்கம். 2014-இல் புதிதாகப் பதவிக்கு வந்த மேயர் பில் டி பிளாசியோ முள்கரண்டியும் கத்தியும் வைத்து பீட்ஸா சாப்பிட்டதற்கு ஊரே எழுந்து நின்று சிரித்தது. சரியாகத்தான் சிரித்தார்கள்.

எழுபதுகளில் இங்கே வந்த நம் ஊர்ப் பெரியவர்கள், வெளியில் கிளம்பினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய சைவம் சீஸ் பீட்ஸா ஒன்றுதான் என்பார்கள். முழுக்கச் சரியில்லை. மேலே தூவுகிற பெக்கோரினோ ரோமானோ சீஸில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கிற ரென்னெட் சேரும். கண்டிப்பான சைவர்கள் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்; இதையும் நேரில்தான் தெளிவாகச் சொல்ல முடியும்.

மிஞ்சினால் மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வையுங்கள். அடி முறுகியதும் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால் சீஸ் இளகிவிடும். மைக்ரோவேவில் வைத்து அதை ரப்பராக்குகிறவர்களோடு நான் விவாதிப்பதாக இல்லை.