பேரீச்சம்பழம் மட்டும் போதுமா?
தினம் நாலு பேரீச்சம்பழமும் பீட்ரூட் சாறும் இருந்தால் ரத்தசோகை ஓடிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 8.4-ஐத் தாண்டவே இல்லை. (பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.) அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் காலை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்! டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகு எலுமிச்சைச் சாறுக்கு மாறினேன், மூன்று மாதத்தில் 11.6. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பெண்கள் களைப்பு என்றாலே ரத்தசோகையா, வீட்டுவேலை செய்தால் களைப்பு வராதா என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் சார். ஆனால் பத்துப் படி ஏறியதும் மூச்சு வாங்கினால், மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால், முதலில் அவர்களை ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.