வரைபட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

சொந்தக் கணினியில் தரவுப் பகுப்பாய்வுக்கும் வரைபடம் வரைவதற்கும் எந்த மென்பொருளை நிறுவலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்: எத்தனை வகை வரைபடங்கள் வரும், விலை எவ்வளவு. இரண்டும் தேவையானவையே. ஆனால் அவற்றுக்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலத் தரவிலிருந்து இறுதி வரைபடம் வரை என்னென்ன செய்தோம் என்பதை, ஓராண்டு கழித்து நாமோ வேறொருவரோ திறந்து பார்த்து, அதே முடிவை மறுபடியும் பெறுவதற்கு அந்த மென்பொருள் வழி விடுகிறதா?

இது ஏட்டளவிலான கவலை என்று யாரேனும் நினைத்தால், பொருளியலில் நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்றது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பல நாடுகளில் அதைச் சான்றாகக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த ஆய்வாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரிசையில் தொடங்கி 49ஆம் வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றுவிட்டிருந்தது தெரிந்தது. 2013இல் அது வெளியே வந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்ற ஐந்து நாடுகள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை. அந்த ஆய்வின்மீது வேறு பெரிய ஆட்சேபங்களும் எழுந்தன. முடிவு மாறியதில் இந்தச் சூத்திரத்தின் பங்கு சிறிதுதான். ஆயினும் அச்சில் வந்த அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் இப்பிழை புலப்பட்டிருக்காது. கோப்பு கைக்கு வந்து, குறிப்பிட்ட கலத்தைச் சொடுக்கி, சூத்திரத்தைப் படித்த பிறகுதான் தெரிய வந்தது.

எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருள்களைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சில நூறு வரிசைகள் கொண்ட தரவை உள்ளிடவும், மேலோட்டமாகப் பார்க்கவும், கூட்டிக் கழிக்கவும் அவை போதும். சிக்கல் என்னவென்றால், விரிதாளில் தரவும் கணக்கும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. கை தவறி ஒரு கலத்தில் வேறொரு எண் பதிந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். தரவை அவை தாமாகவே மாற்றுவதும் உண்டு. 00417 என்ற மாதிரி எண் 417 ஆகிவிடும். 3-4 என்ற குறிப்பு தேதியாகிவிடும். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். செப்ட்1 என்பது செப்டின்1 ஆனது. ஒரு மென்பொருளின் பழக்கத்துக்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. வரிசைகளின் வரம்பையும் மறந்துவிடக் கூடாது: இன்றைய எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு, பழைய கோப்பு வடிவத்தில் 65,536 மட்டுமே.

அடுத்த நிலையில் ஆரிஜின், சிக்மாபிளாட், கிராஃப்பேட் பிரிசம் போன்ற வணிக மென்பொருள்கள் இருக்கின்றன. அளவீட்டின் ஐயப்பாட்டைக் காட்டும் பிழைப் பட்டைகள், இரட்டை அச்சுகள், புள்ளிகளுக்கு ஏற்ற சமன்பாட்டைக் கண்டறியும் வளைகோடு பொருத்துதல், ஆய்விதழ்கள் கேட்கும் அளவில் வரைபடத்தை ஏற்றுமதி செய்தல் எல்லாம் இவற்றில் சிறப்பாக அமைந்திருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் கோப்புகள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருப்பதால், உரிமம் முடிந்தபின் பழைய வேலையைத் திருத்துவதற்கு என்ன வழி என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். கட்டற்ற மென்பொருள்களில் லேப்பிளாட்டும் வியூஸும் இதே பாணியில் பணியாற்றக்கூடியவை. வியூஸின் கோப்பு, சாதாரண உரைத் தொகுப்பியிலேயே திறந்து படிக்கக்கூடிய கட்டளை வரிகளாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

வளைகோடு பொருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நேரியல் அல்லாத சமன்பாட்டைப் பொருத்தும்போது, பெரும்பாலான மென்பொருள்கள் லெவன்பெர்க்–மார்க்வார்ட் முறையையோ அதன் வகையையோ பின்பற்றி, நாம் தரும் தொடக்க மதிப்புகளிலிருந்து படிப்படியாக நகர்ந்து விடையைத் தேடுகின்றன. தொடக்கம் மோசமாக இருந்தால் தேடல் தவறான இடத்தில் நின்றுவிடலாம், அப்போதும் திரையில் ஓர் அழகான கோடு தோன்றும். தொடக்க மதிப்புகளை மென்பொருள் தானே ஊகித்துக்கொள்கிறதா, ஊகித்ததை நமக்குக் காட்டுகிறதா, எச்சங்களை, அதாவது அளந்த மதிப்புக்கும் பொருத்திய கோட்டுக்கும் உள்ள வேறுபாடுகளை, தனி வரைபடமாகத் தருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இதைச் சோதிக்க, அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் சரிபார்த்த விடைகளுடன் தரவுத் தொகுதிகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. நேரியல் அல்லாத ஒவ்வொரு தொகுதிக்கும் விடைக்குத் தொலைவில் ஒன்றும் அருகில் ஒன்றுமாக இரண்டு தொடக்கப் புள்ளிகள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் சிலவற்றைப் போட்டுப் பார்த்தாலே, விளம்பரத்தில் தெரியாத பலவும் தெரிந்துவிடும்.

புள்ளிகளைக் கண்ணால் பார்ப்பதற்கு மாற்றே இல்லை. பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் உருவாக்கிய நான்கு தொகுதிகளிலும் பதினொரு புள்ளிகள்தாம். சராசரி, இரு அளவுகளின் தொடர்பைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு, பொருத்திய நேர்கோடு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வரைந்தால் ஒன்று வழக்கமான சிதறல், ஒன்று வளைவு, மற்ற இரண்டையும் தனித்து நிற்கும் ஒரே புள்ளி இழுத்துப்போகிறது. சுருக்க எண்களை முன்னே நிறுத்தி, மூலப் புள்ளிகளைப் பல பட்டியல்களுக்கு உள்ளே ஒளித்துவைக்கும் மென்பொருளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

என் விருப்பம் ஆர், பைத்தான் என்ற இரண்டு நிரல் மொழிகள்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆர், 2000 பிப்ரவரி 29 அன்று தன் முதல் முழுப் பதிப்பை எட்டியது. பைத்தானுக்கு, வரைபடம் வரைய மேட்பிளாட்லிப், தரவைக் கையாளப் பாண்டாஸ் ஆகிய நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், உள்ளன. எந்தக் கோப்பைப் படித்தோம், எந்தப் புள்ளியை எந்தக் காரணத்துக்காக நீக்கினோம், எந்த அச்சை மடக்கை அளவில் வரைந்தோம் என்பதெல்லாம் நிரலில் வரி வரியாகப் பதிவாகிவிடுகிறது. புதிய அளவீடு வந்தால் அதே நிரலை மீண்டும் ஓட்டினால் போதும். கற்றுக்கொள்ளும் தொடக்க வாரங்கள் கடினமானவை என்பது உண்மை. நிரல் எழுத நேரமோ மனமோ இல்லாதவர்களுக்கு, ஆர் மொழியை அடித்தளமாகக் கொண்டு பட்டியல்கள் வழியே இயங்கும் ஜமோவி நல்ல இடைவழி. கேட்டால் அது தன் பின்னால் இருக்கும் கட்டளைகளையும் காட்டும்.

விலை கொடுத்து வாங்குவதானால், சோதனைக் காலத்தில் அவர்கள் தரும் மாதிரித் தரவைத் தொடாமல், உங்களுடைய தரவிலேயே மிகவும் ஒழுங்கற்றதை, விடுபட்ட மதிப்புகளும் கலப்பு அலகுகளும் உள்ளதை, ஏற்றிப் பாருங்கள். வரைபடத்தைப் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி வடிவில் வெளியே எடுத்து, பெரிதாக்கினாலும் எழுத்து உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தரவை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வியாகச் சேமித்து, வேறொரு மென்பொருளில் திறந்து, தசம இலக்கங்களும் அலகுகளும் அப்படியே வந்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பின்னரே பணத்தைக் கட்டுங்கள்.