அந்திக்கிறிஸ்து என்றால் 666 மட்டும்தானா?

அந்திக்கிறிஸ்து, அதாவது கிறிஸ்துவின் எதிரி, பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அந்திக்கிறிஸ்து என்றாலே பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தலில் வரும் 666 எண்ணுள்ள மிருகம்தான் என்று அது சொல்கிறது. அந்த நூலில் இந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. வருவது பைபிளில் உள்ள யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் (கடிதங்களில்) மட்டும். அங்கேயும் 'அநேக அந்திக்கிறிஸ்துகள்' என்று பன்மையிலும் வருகிறது. சபையிலிருந்து பிரிந்துபோய், இயேசுவே கிறிஸ்து என்பதை மறுத்தவர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். உலகை ஆளப்போகும் ஒற்றை வில்லன் பிறகு வளர்ந்த கதை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெளியாட்களைவிட கிறிஸ்தவர்களே ஒருவர்மேல் ஒருவர் இந்தப் பட்டத்தை வீசிக்கொண்டார்கள். 1520-ல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் போப்பாண்டவர் பதவியையே அப்படி அழைத்தார். 1646-ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை என்ற புராட்டஸ்டன்ட் ஆவணத்தில் அது கோட்பாடாகவே ஏறிவிட்டது. ரஷ்யாவில் பழைய வழிபாட்டு முறையை விடாதவர்களுக்கு, தாடிக்கு வரி போட்ட ஜார் பீட்டரே அந்திக்கிறிஸ்து!

அந்திக்கிறிஸ்து என்று பேசப்பட்டவர்களில் ரோமப் பேரரசன் நீரோ முதல் நெப்போலியன் வரை கட்டுரையாளர் சரியாகத் தொட்டிருக்கிறார். இந்த உள்வீட்டுச் சண்டையை மட்டும் ஏனோ தாண்டிப் போய்விட்டார்.