மொபீலில் மூன்று நாள் பயிற்சியும் நம் பத்து நொடித் தீர்ப்புகளும்

ஜனவரி கடைசி வாரம் வந்தால் போதும், பத்து நொடி வீடியோக்கள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடும். மலை போன்ற இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். விசில் ஊதும். ஒருவன் மல்லாந்து விழுவான். கீழே நாலு பேர், “இவனுக்கு முதல் சுற்று உறுதி” என்று எழுதியிருப்பார்கள். விழுந்தவனுக்கு அன்றே கருமாதி முடிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த வீடியோக்களைப் போல நம்மை ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கல்லூரிக் கால்பந்தை முடித்துத் தொழில்முறைக்குப் போகக் காத்திருக்கும் தேர்ந்தெடுத்த வீரர்களை அழைத்து நடத்தும் ஆட்டம் சீனியர் பவுல். 1951 முதல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தில் நடக்கிறது. (ஆங்கிலத்தில் எழுதினால் நம் கைபேசிக்கும் அந்த ஊருக்கும் ஒரே எழுத்துகள்தான்.) ஆட்டம் சனிக்கிழமை. ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் பயிற்சிதான் உண்மையான சந்தை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளும் ஆள் அனுப்புகின்றன. வியாழன் பயிற்சி முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்டால் ஒரு வருடத்துக்குக்கூடப் பதில் சொல்ல மாட்டேன். ஏப்ரலில் ஏழு சுற்று டிராஃப்ட், அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நாள்கள். லீக்கும் வீரர்கள் சங்கமும் 2011இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவனின் சம்பளத்தை ஏறக்குறைய அவன் தேர்வான இடமே தீர்மானித்துவிடுகிறது. 20ஆம் இடத்துக்கும் 60ஆம் இடத்துக்கும் நடுவே இருப்பது பல மில்லியன் டாலர்.

இனி அந்த வீடியோக்களுக்கு வருகிறேன். ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சி ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்தது. லைன்மேன் என்றால் நம் ஊரில் மின்கம்பம் ஏறுகிறவர். இங்கே பந்தை எறியும் குவாட்டர்பேக்கைச் சுற்றிச் சுவராக நிற்கும் ஐவரில் ஒருவர். ஆட்டத்தில் அவருக்கு இருபுறமும் தோள்கொடுக்க ஆள் இருக்கும். பயிற்சியிலோ தனியாக நிற்கிறார், எதிராளிக்கு இரு பக்கமும் வெட்டவெளி. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்குக்கும் நடக்கும் மோதலில் அநியாயம் இன்னும் கொஞ்சம் கூடுதல். பந்தை எறிபவரை யாரும் துரத்துவதில்லை, ரிசீவர் இரண்டு முறை ஏமாற்றித் திரும்பும்வரை அவர் சாவகாசமாகக் காத்திருப்பார். தடுக்கிறவனுக்குப் பின்னால் துணைக்கு ஒருவரும் கிடையாது. இதில் தோற்றவனைப் பார்த்துச் சிரிப்பது, கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீந்தத் தெரியவில்லை என்பதற்குச் சமம்.

அப்படியானால் மொபீலே வீண் என்கிறாயா என்று கேட்காதீர்கள். என் கட்சி வேறு. அங்கே வரும் ஒவ்வொருவனும் ஒரு கேள்வியோடு வருகிறான், அவனுடைய கல்லூரி ஆட்டப் பதிவுகள் எத்தனை முறை பார்த்தாலும் பதில் தராத கேள்வி. அந்த வாரத்தின் வேலை அதற்குப் பதில் சொல்வது மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து மதிப்பெண் போடுவது நம் போன்ற வேடிக்கை பார்ப்பவர்களின் வியாதி.

குவின் மைனெர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின் வைட்வாட்டரில் ஆடியவர். மூன்றாம் பிரிவுக் கல்லூரி, விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூடக் கிடையாது. கொரோனாவால் 2020 பருவமும் பறிபோனது. ஒரு வருடம் ஆட்டமே ஆடாமல் 2021 ஜனவரியில் மொபீலுக்கு வந்தார். சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, தொப்பை வெளியே தெரிய நின்றதைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவருடைய பழைய பதிவுகளில் எதிராளிகளைப் பொம்மை போலத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். ஆனால் அந்த எதிராளிகள் யார்? மறுநாள் ஆய்வகத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய சாதாரண மாணவர்கள். பெரிய கல்லூரிகளின் முரடர்களிடம் இந்தப் பலம் செல்லுமா என்பதற்கு எந்தப் பதிவிலும் பதில் இல்லை. மொபீலில் மூன்றே நாளில் கிடைத்தது. அதிலும் கல்லூரியில் அந்த ஐவரில் நடு ஆளுக்குப் பக்கத்தில் கார்டாக ஆடியவர் இங்கே நடுவில் சென்டராகவும் நின்றார். டென்வர் அணி அவரை 98ஆவது இடத்தில் எடுத்தது. 2024இல் லீக்கின் தலைசிறந்த வீரர்களுக்கான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார். மொபீல் இல்லையென்றால் அந்த 98ஆவது இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2024இல் டொலீடோ கல்லூரியின் குவின்யான் மிட்செலுக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான். பெரிய மாநாடுகளின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளுக்கு அங்கே அப்படிப் பெயர்) வேகமான ரிசீவர்களைத் தினமும் சந்தித்தவர் அல்லர். அதுவும் கார்னர்பேக், முன்பு சொன்னேனே, அந்த அநியாயப் பயிற்சியில் தோற்கவே பிறந்த இடம். அங்கே நின்று ஜெயித்ததால்தான் அவருடைய வாரத்துக்கு எடை கூடுதல். அந்த வருட டிராஃப்டில் முதலில் போன கார்னர்பேக் அவர்தான், 22ஆவது இடம், பிலடெல்பியா. முதல் பருவத்திலேயே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் கோப்பையைத் தொட்டுவிட்டார்.

ஆனால் நான்கு வருடம் பெரிய மாநாட்டில் வாராவாரம் ஆடியவன் மொபீலில் இரண்டு முறை சறுக்கினால்? என்னைக் கேட்டால் ஒன்றுமில்லை. அவனுக்கு அங்கே புதுக் கேள்வி எதுவும் இல்லை, நாற்பது ஆட்டங்களின் சாட்சி ஏற்கெனவே இருக்கிறது. வேண்டுமானால் ஒன்று பார்க்கலாம்: செவ்வாயன்று எந்தக் கை நகர்வில் தோற்றானோ, அதே நகர்வு வியாழனன்று வரும்போது என்ன செய்கிறான் என்று. அந்த வியாழக்கிழமை வீடியோவை யாரும் பகிர்வதில்லை.

என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 2022இல் குவாட்டர்பேக் மாலிக் வில்லிஸ் மொபீலில் எறிந்த நீளமான பந்துகளைப் பார்த்து மயங்கி, முதல் பத்துக்குள் போய்விடுவார் என்று இதே பக்கத்தில் அடித்துச் சொன்னேன். 86ஆவதாகப் போனார். கையில் பலம் இருக்கிறதா என்பது அவர் விஷயத்தில் கேள்வியே அல்ல, அது கல்லூரியிலேயே தெரிந்தது. தெரிந்த பதிலை மறுபடி பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். (2024இல் கிரீன் பே அணிக்காகத் தொடக்க வீரராக இறங்கிய ஆட்டத்தில் அவர் ஜெயித்தபோது நண்பர்கள் பழைய பதிவை எடுத்துக் காட்டினார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.)

அளவெடுக்கும் சடங்கைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. உயரம், எடை, கை நீளம், கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை விரித்த கையின் அகலம். அதே 2022இல் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட் மொபீலில் விரித்த கையை அளக்கச் சம்மதிக்கவில்லை. பிறகு இண்டியானாபோலிஸில் லீக் நடத்தும் உடற்தகுதிச் சோதனையில் அளந்தபோது எட்டரை அங்குலம், குவாட்டர்பேக்குக்குச் சிறிய கை. ஒரு மாதம் அதே பேச்சு. 2014இல் வந்த ஆரன் டொனால்டைக் குள்ளம் என்றார்கள். மூன்று நாள் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. பின்னாளில் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர்.

இந்த அளவெடுப்பு பல வருடங்கள் மேடை போட்டு, நூற்றுக்கணக்கானோர் முன்னால், இளைஞர்களை அரைக்கால்சட்டையோடு நிறுத்தி நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். அமெரிக்காவுக்கு வந்ததாக அறியப்பட்ட கடைசி அடிமைக் கப்பல் க்ளோடில்டா, 1860இல் சுமார் 110 ஆப்பிரிக்கர்களோடு கரை சேர்ந்தது இதே மொபீலில்தான். அது தெரிந்த பிறகு அளவெடுக்கும் காட்சிகளை முன்போல என்னால் பார்க்க முடிவதில்லை.

கடைசியாக 2016. மொபீலுக்கு வருகிறவர்களை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிப்பார்கள், அந்த வருடம் வடக்கு அணிக்குப் பயிற்சியளித்தவர்கள் டல்லாஸ் கௌபாய்ஸ்காரர்கள். அந்த அணியில் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ். சிறிய கல்லூரிக்காரர்தான், மொபீலில் மின்னி இரண்டாவது இடத்துக்கு ஏறி, டல்லாஸின் கைக்கு எட்டாமல் போய்விட்டார். எதிரே தெற்கு அணியில் மிஸிஸிப்பி ஸ்டேட் கல்லூரியின் குவாட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட். சனிக்கிழமை ஆட்டநாயகன் விருது அவருக்கு. அப்படியும் ஏழு குவாட்டர்பேக்குகள் அவருக்கு முன்னால் போனார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்காமலே காணாமல் போனார். 135ஆவது இடத்தில், நான்காம் சுற்று முடியும் தறுவாயில் ப்ரெஸ்காட்டை எடுத்தது டல்லாஸ். அந்த வாரம் முழுக்க அவர்கள் பயிற்சியளித்துக்கொண்டிருந்தது மைதானத்தின் மறுபக்கத்துப் பையனுக்கு.