எண்டிமியன் அந்த உறக்கத்தைக் கேட்டானா?

நிலவின் தெய்வமான செலினி, எண்டிமியன் என்ற மானிடன் மீது கொண்ட காதலைச் சொல்லும் கிரேக்கத் தொன்மத்தைப் பலரும் மனமுருகிப் பகிர்கிறார்கள். மலைக்குகையில் ஓர் இளைஞன் உறங்கிக்கொண்டிருக்கிறான். இரவுதோறும் ஒருத்தி வானத்திலிருந்து தேரில் இறங்கி வந்து, அவனைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகிறாள். காட்சி அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இதைக் காதல் கதை என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த உறக்கத்தைக் கேட்டது யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

பழைய நூல்கள் இதில் ஒத்துப்போவதில்லை. அப்பொல்லோடோரஸின் பெயரில் வழங்கும் கிரேக்கத் தொன்மத் தொகுப்பின்படி, விரும்பியதைக் கேள் என்று தெய்வங்களின் அரசன் ஜீயஸ் சொன்னபோது, சாவும் மூப்பும் அண்டாத முடிவில்லா உறக்கத்தை எண்டிமியனே தேர்ந்துகொண்டான். ரோமானிய எழுத்தாளர் சிசரோ சொல்வது வேறு: உறங்குபவனை முத்தமிட வேண்டும் என்பதற்காக நிலவே அவனை உறங்க வைத்தாளாம். கியோஸ் தீவின் கவிஞர் லிசிம்னியஸ் செலினியையே விட்டுவிடுகிறார். உறக்கத்தின் தெய்வமான ஹிப்னோஸ் அவன் கண்ணழகில் மயங்கி, அக்கண்களை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இமை மூடாமலேயே அவனைத் தூங்க வைத்தான் என்கிறார். இந்த வடிவத்தைப் படித்த அன்று எனக்கே சரியாகத் தூக்கம் வரவில்லை.

முதல் வடிவத்தில் விருப்பம் அவனுடையது. மற்ற இரண்டிலும் அவனுடைய விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை. நாம் செய்வது என்னவென்றால், சிசரோ சொன்ன முத்தத்தை எடுத்துக்கொண்டு, அப்பொல்லோடோரஸ் தரும் சமாதானத்தை அதன்மேல் போர்த்திவிடுகிறோம்.

ஒலிம்பியா அமைந்திருந்த கிரேக்கப் பகுதியான எலிஸ் நாட்டினருக்கோ இவன் குகைவாசியே அல்லன், தங்கள் மன்னன். அரியணைக்காகத் தன் மகன்களை ஒலிம்பியாவில் பந்தயம் ஓடவிட்டான் என்றும், நிலவிடம் அவனுக்கு ஐம்பது மகள்கள் பிறந்தார்கள் என்றும் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஐம்பது, ஓர் ஒலிம்பியாட்டின், அதாவது ஒலிம்பிக் போட்டிகளுக்கு இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அடங்கும் நிலவு மாதங்களைக் குறிக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் கருத்து. அவன் கல்லறையை ஒலிம்பியாவிலும் காட்டினார்கள். இன்று துருக்கியில் பாஃபா ஏரிக்கரையில் இருக்கும் லாட்மோஸ் மலைப்பக்கத்திலும் காட்டினார்கள். நிலவின் இயக்கத்தை முதலில் கூர்ந்து நோக்கிய மனிதன் இவன், அதனால்தான் இப்படியொரு காதல் கதை கிளம்பியது என்று ரோமானிய அறிஞர் பிளினி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

செலினியின் தங்கை இயோஸ், வைகறையின் தெய்வம். அவள் தன் காதலன் டிதோனஸுக்குச் சாவாமையைக் கேட்டு வாங்கினாள். இளமையைக் கேட்க மறந்தாள். அவன் கிழடு தட்டி, கை கால் அசைக்க முடியாமல் போனதும், ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளிருந்து அவன் குரல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் காதலன் மூப்படையவில்லை, ஆனால் பேசவும் இல்லை. இரண்டில் எது கொடுமை என்று கேட்டால், டிதோனஸுக்காவது புலம்ப ஒரு வாய் இருந்தது என்பேன்.

இத்தனை கசப்போடு இருந்த என்னை இந்தக் கதையின் பக்கம் திருப்பியது ஒரு சவப்பெட்டி. ரோமாபுரிக்கு அருகே ஒஸ்டியாவில் கிடைத்து, இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்குப் பெட்டி அது, காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கம். செலினி தேரை விட்டு இறங்குகிறாள். எண்டிமியன் சாய்ந்து படுத்திருக்கிறான். அவன் தலைக்கு மேல் ஒருத்தி கசகசாச் செடியின் காய்க்கொத்தைப் பிடித்தபடி மருந்தை ஊற்றுகிறாள். ரோமானியர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பச் சவப்பெட்டிகளில்தான் செதுக்கினார்கள். இறந்தவர் உறங்குகிறார், அவரைப் பார்க்க யாரோ வருகிறார் என்று வைத்துப் பார்த்தால், பதில் பேசாத அந்த உடல் என்னை உறுத்தவில்லை. அங்கே வேறெப்படி இருக்க முடியும்?

அந்தப் பெட்டியில் வைக்கப்பட்டவர் ஆரியா என்ற பெண்மணி. மூடியில் அவர் முகமும் இருக்கிறது. செய்வித்தவர் மகள் அனினியா ஹிலாரா. ஈடு இணையற்ற தன் தாய் ஐம்பது ஆண்டுகளும் பத்துத் திங்களும் வாழ்ந்தார் என்று அதில் பொறிக்கச் செய்திருக்கிறார்.