வேகத்தால் வந்த லாபம் இல்லை
டைட்டானியம் டை ஆக்சைடு நானோகுழாய்கள் நேராக நிற்பதால் எலக்ட்ரான் வேகமாக ஓடுகிறது, அதனால்தான் சாயமேற்றிய சூரிய மின்கலத்தின் (சாயம் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை விடும் வகை) திறன் கூடுகிறது என்று இந்தக் கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினர் 2007இல் வெளியிட்ட அளவீடுகளில், குழாயிலும் சாதாரண நானோதுகள் படலத்திலும் எலக்ட்ரான் கடக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் குழாயில் மறுசேர்க்கை சுமார் 10 மடங்கு மெதுவாக நடந்தது, அதாவது எலக்ட்ரான் வழியிலேயே தொலைந்துபோவது குறைந்தது, ஒளியும் உள்ளே நன்றாகச் சிதறியது, லாபம் அங்கேதான். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் 'இவ்வளவு நல்லதென்றால் ஏன் இன்னும் கூரைக்கு வரவில்லை' என்று கேட்டிருக்கிறார். இந்தக் குழாய்களைப் பெரும்பாலும் டைட்டானியத் தகட்டின் மேல், ஃபுளோரைடு கலந்த கரைசலில் மின்சாரம் செலுத்தி வளர்க்கிறார்கள். தகடு ஒளியை விடாது, ஆகவே வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து, அங்குள்ள மின்முனையின் பிளாட்டினப் பூச்சையும் மின்கலத்துக்குள் இருக்கும் அயோடின் கரைசலையும் தாண்டித்தான் சாயத்துக்கு வரவேண்டும், அதிலேயே ஒரு பங்கு போய்விடும். கண்ணாடியில் டைட்டானியம் பூசி அதைக் குழாயாக்கும் வழியும் உண்டு, நானும் ஆய்வகத்தில் செய்திருக்கிறேன், படலம் உரிந்து வராமல் காப்பாற்றுவதே பெரும்பாடு. போதாததற்கு, சாயம் ஒட்டுவதற்கான பரப்பு நானோதுகள் படலத்தில்தான் பொதுவாக அதிகம், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.