‘எனக்குத் திறக்கிறதே’ என்பது சோதனை ஆகாது

நண்பர் ஒருவர் நடத்தும் சிறு நிறுவனத்தின் டொமைனை நான்தான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் அதன் டிஎன்எஸ் சேவையை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். மறுநாள் காலையிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. சிலருக்கு இணையதளம் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை. சில வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் வந்து சேர்கிறது, சிலருடையது திரும்பிப் போகிறது. என் வீட்டில், என் கணினியில், எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. புதிய சேவை நிறுவனத்தாரிடம் கேட்டால், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, பிரௌசர் கேஷை அழித்துப் பாருங்கள்” என்று பதில் வந்தது. அரை நாள் அதில் போயிற்று.

பிறகு டெர்மினலைத் திறந்து, டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் ‘டிக்’ கட்டளையால், பயனர்களுக்காகப் பெயர்களைத் தேடித் தரும் கூகுளின் 8.8.8.8 ரிசால்வரிடம் அந்தப் பெயரைக் கேட்டேன். முகவரி வரவில்லை, பதில் தர இயலவில்லை என்று பொருள்படும் ‘செர்வ்ஃபெயில்’ என்ற நிலை மட்டும் வந்தது. அதே கேள்வியை, சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லும் ‘+சிடி’ என்ற தெரிவைச் சேர்த்து மறுபடி கேட்டேன். முகவரி உடனே வந்தது. இந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே நோய் எது என்று தெரிந்துவிடும். சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, பெயரும் முகவரியும் சரியாகத்தான் இருக்கின்றன, அறுந்திருப்பது, டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக்கின் நம்பிக்கைச் சங்கிலி மட்டுமே. மூன்றாவதாக, டொமைனின் சாவி இதுதான் என்று மேல்நிலையில் சாட்சி சொல்லும் டிஎஸ் பதிவை .காம் சர்வரிடம் கேட்டேன். பழைய நிறுவனத்தின் சாவியைச் சுட்டும் டிஎஸ் அப்படியே இருந்தது. நான்காவதாக, டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் புதிய நேம்சர்வரிடம், சாவியைக் கொண்டிருக்க வேண்டிய டிஎன்எஸ்கீ பதிவைக் கேட்டேன், ஒன்றுமே இல்லை. புதிய நிறுவனம் கையொப்பமிடவே இல்லை. ‘இந்த டொமைன் கையொப்பமிடப்பட்டது’ என்று மேலே இருக்கும் .காம் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு கேள்விகள், இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

என் வீட்டில் ஏன் திறந்தது என்றால், என் இணையச் சேவையின் ரிசால்வர் டிஎன்எஸ்செக் கையொப்பங்களைச் சரிபார்ப்பதே இல்லை. சரிபார்க்கும் ரிசால்வரைப் பயன்படுத்தியவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. பாதுகாப்பில் அக்கறை உள்ளவருக்குத் தளம் கிடைக்காமலும், இல்லாதவருக்குக் கிடைத்துக்கொண்டும் இருக்கும் இந்த விசித்திரத்தால்தான், ‘எனக்குத் திறக்கிறதே’ என்ற சொல்லை இந்த விஷயத்தில் நான் சாட்சியமாக ஏற்பதில்லை. டொமைனைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் டிஎஸ் பதிவை நீக்கிய பிறகும், .காமின் டிஎஸ் பதிவுக்கு டிடிஎல் (ரிசால்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலம்) 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த அனுபவத்திற்குப் பிறகு என் கருத்து உறுதிப்பட்டது: தன் டொமைனுக்குக் கையொப்பமிடுவதற்கு முன், அதைக் கட்டளை வரியிலிருந்து சரிபார்க்கக் கற்றுக்கொண்டாக வேண்டும். கையொப்பமிடுவது இன்று பெரும்பாலான சேவைகளில் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. சரிபார்ப்பதற்கு அப்படிப் பொத்தான் இல்லை. பெயரைக் கொடுத்தால் பச்சை, சிவப்பு நிறங்களில் முடிவு காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை, அவற்றில் ஒன்றான டிஎன்எஸ்விஸ் வரைந்து தரும் சங்கிலிப் படத்தைப் பார்த்துத்தான் நானே பலவற்றைப் புரிந்துகொண்டேன். ஆனால் அவை ஓரிடத்திலிருந்து, ஒரு நேரத்தில், நாம் போய்க் கேட்டால் மட்டுமே பதில் சொல்பவை. உள் வலையமைப்பில் இருக்கும் டொமைன் அவற்றின் கண்ணுக்கே படாது. நிறத்தைப் பார்த்துப் பழகியவர், நிறம் மாறும்போது எந்த சர்வரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பார். டிஎன்எஸ்விஸ், அதே வகையைச் சேர்ந்த ஜோன்மாஸ்டர் ஆகிய இரண்டுமே கட்டளை வரி வடிவிலும் கிடைக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு நான் சொல்லும் முதல் பாடம், கருவியைச் சோதித்துவிட்டு டொமைனைச் சோதிக்க வேண்டும் என்பது. டிஎன்எஸ்செக்-ஃபெயில்ட் டாட் ஆர்க் என்றொரு டொமைன், வேண்டுமென்றே உடைத்து வைக்கப்பட்டது. அதைக் கேட்டு உங்களுக்குச் செர்வ்ஃபெயில் வரவில்லை என்றால், உங்கள் ரிசால்வர் எதையும் சரிபார்ப்பதில்லை. அதன் வாயிலாகச் செய்யும் எந்தச் சோதனையும் வீண்.

அடுத்தது ‘ஏடி’ என்ற கொடி. டிக் தரும் பதிலின் தலைப்பில் இது இருந்தால் தரவு சரிபார்க்கப்பட்டது என்று பொருள். ஆனால் சரிபார்த்தது ரிசால்வர், நாம் அல்ல. நமக்கும் அதற்கும் நடுவே உள்ள பாதையில் யாரும் அந்தக் கொடியை மாற்றி எழுத முடியும். நாமே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பார்க்க வேண்டுமானால், டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான பைண்ட் தொகுப்பில் டிக்குடன் சேர்ந்து வரும் ‘டெல்வ்’ இருக்கிறது. 2010 ஜூலை 15 அன்று கையொப்பமிடப்பட்ட, எல்லா டொமைன்களுக்கும் உச்சியான வேர் மண்டலத்தின் சாவியை வைத்துக்கொண்டு, அதுவே மேலிருந்து கீழே கணக்கிட்டு, ‘முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது’ என்றோ ‘கையொப்பமில்லாத பதில்’ என்றோ ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லிவிடும். அதிகாரபூர்வ நேம்சர்வரை நேரடியாகக் கேட்டால் ஏடி வராது, சர்வர் தன் சொந்தத் தரவைத் தருகிறது என்று சொல்லும் ஏஏ கொடிதான் வரும். இதைப் பார்த்துப் பதறிப்போய் எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் உண்டு. டிக்கின் ‘+டிரேஸ்’ வேரிலிருந்து படிப்படியாக இறங்கிக் காட்டுவதால் அது கையொப்பங்களையும் சரிபார்க்கிறது என்று நினைப்பது இன்னொரு மயக்கம். அது வழியைக் காட்டும், அவ்வளவே.

இவை எல்லாவற்றையும்விட நான் முதன்மையாக எண்ணுவது தேதி. கையொப்பத்தைச் சுமக்கும் ஒவ்வொரு ஆர்ஆர்சிக் பதிவிலும் கையொப்பம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் 14 இலக்க எண்களாக, உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருக்கும்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பைண்டின் இயல்புநிலைக் கொள்கையில் கையொப்பம் 14 நாள் செல்லும், 5 நாள் மீதமிருக்கும்போது புதுப்பிக்கப்படும். கையொப்பமிடும் நிரல் இன்று ஓசையில்லாமல் நின்றுபோனால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. சில நாள் கழித்து, பெரும்பாலும் யாரும் அலுவலகத்தில் இல்லாத நேரத்தில், டொமைன் மொத்தமாக மறையும். ‘இன்று சரியாக இருக்கிறதா’ என்ற கேள்வியைவிட ‘இன்னும் எத்தனை நாள் இருக்கிறது’ என்ற கேள்வி பயனுள்ளது அதனால்தான். அதையும் ஒரு சர்வரிடம் மட்டும் கேட்டால் போதாது. துணை சர்வர் ஒன்று முதன்மையிலிருந்து புதிய நகலைப் பெற முடியாமல் நின்றிருக்கலாம். டொமைனின் அடிப்படை விவரங்களைக் கொண்ட எஸ்ஓஏ பதிவில், பழைய நகலைத் துணை சர்வர் கைவிட வேண்டிய காலாவதி 4 வாரம் என்று இருந்தால், 2 வாரத்திலேயே செத்துப்போன கையொப்பங்களை அது இன்னும் 2 வாரம் கடமை தவறாமல் வழங்கிக்கொண்டிருக்கும். ‘+என்எஸ்சர்ச்’ தெரிவு எல்லா நேம்சர்வர்களின் எஸ்ஓஏ பதிவுகளையும் ஒரே மூச்சில் காட்டும்; நகலின் பதிப்பைக் காட்டும் வரிசை எண் ஒன்றில் மட்டும் பின்தங்கியிருந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

‘இல்லை’ என்ற பதிலையும் சோதிக்க வேண்டும் என்பதை நான் 2021 செப்டம்பர் 30 அன்று, அலுவலக உரையாடல் செயலியை நடத்தும் ஸ்லாக் நிறுவனத்துக்கு நேர்ந்ததிலிருந்து கற்றேன். ஸ்லாக் டாட் காமில் டிஎன்எஸ்செக்கை இயக்கியதும் சிலருக்குப் பெயர் கிடைக்காமல் போயிற்று. டிஎஸ் பதிவை எடுத்துவிட்டுக் கையொப்பத்தையும் நிறுத்தினார்கள். பழைய டிஎஸ் உலகெங்கும் ரிசால்வர்களின் கேஷில் இருந்ததால் பாதிப்பு இன்னும் பரவியது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, மூலம் மிக நுட்பமானது: நட்சத்திரக் குறியால் பொதுவாக வரையறுக்கப்பட்ட பெயர்களுக்கு ஐபிவி6 முகவரி கேட்டால், ‘அது இல்லை’ என்று சொல்லும் என்செக் பதிவு, இருக்கின்ற ஐபிவி4 முகவரியையும் ‘இருப்பவை’ பட்டியலில் குறிப்பிடாமல் விட்டுவிட்டது. அதை நம்பிய ரிசால்வர்கள் அந்த முகவரியும் இல்லை என்று முடிவு கட்டின. இருக்கும் பெயரைக் கேட்டு, பதில் வந்ததும் மகிழ்ந்துபோகும் சோதனை எதுவும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இவ்வளவு தொல்லை எதற்கு, டிஎன்எஸ்செக் இல்லாமலே இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி 2008-இல் காட்டிய கேஷ் நச்சூட்டலை, அதாவது ரிசால்வரின் நினைவில் பொய் முகவரியைப் புகுத்தும் தாக்குதலைப் படித்தவர்கள் அப்படிச் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். எனினும், சோதிக்க ஆளில்லாத இடத்தில் பெருமைக்காகக் கையொப்பமிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன். 2024 ஜனவரி 30 அன்று ரஷ்யாவின் .ரு மண்டலமே கையொப்பக் கோளாறால் பல ரிசால்வர்களுக்கு எட்டாமல் போயிற்று. ஒரு நாட்டின் மண்டலத்துக்கே இந்த நிலை என்றால், தனி ஆளாக ஒரு டொமைனை வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் எழுதிவிடுகிறேன். சோதனையை ஸ்கிரிப்டாக எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் போட்டபோது, டிக் திருப்பித் தரும் வெளியேறும் எண்ணை நம்பினேன். ஏதோ ஒரு பதில் வந்துவிட்டால் போதும், அது செர்வ்ஃபெயிலாக இருந்தாலும் டிக் வெற்றியைக் குறிக்கும் பூஜ்யத்தையே தரும். என் ஸ்கிரிப்ட் மாதக்கணக்கில் ‘நலம்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. எது நடந்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். இப்போது பதிலின் நிலையைச் சொல்லால் படித்து, டெல்வின் வரியையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு சர்வரிலும் கையொப்பத்தின் மீதி நாளைக் கணக்கிடும்படி திருத்தி எழுதியிருக்கிறேன்.

நண்பரின் டொமைனுக்கு இப்போது நாங்களே பைண்ட் வைத்துக் கையொப்பமிடுகிறோம். துணை சர்வர்களை மட்டும் வேறொரு நிறுவனம் நடத்துகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்கிரிப்ட் ஓடுகிறது, மீதி 4 நாளுக்குக் கீழே போனால் கைப்பேசிக்குச் செய்தி வரும். சென்ற மாதம் ஒரு முறை வந்தது. இரண்டு துணை சர்வர்களில் ஒன்று பழைய வரிசை எண்ணிலேயே நின்றிருந்தது. எழுதிக் கேட்டேன், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது” என்றுதான் முதலில் பதில் வந்தது. இரண்டு சர்வர்களிடமும் கேட்ட எஸ்ஓஏ பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள்.